மாநில பட்ஜெட்டை முறையாகப் படிப்பது எப்படி: குமரி மாவட்ட வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்ஜெட் நாளன்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி "குமரிக்கு என்ன கிடைத்தது?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதிலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்ஜெட் உரையில் வரும் நான்கு வரிகளோடு நின்றுவிடுகிறார்கள். மாநிலத்தின் கையில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிறது என்று தெரியாமல், அறிவிக்கப்பட்ட ஒரு மீன்பிடித் துறைமுக வேலை நடக்குமா நடக்காதா என்று கணிக்க முடியாது. ஆகவே மாநிலக் கணக்கை முதலில் முடித்துவிட்டு, மாவட்டத்துக்குக் கடைசியில் வரும் வரிசையைப் பரிந்துரைக்கிறேன். கல்லூரி மாணவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், கடற்கரை ஊர்க் கமிட்டியினர் எனப் பலரோடு இந்த ஆவணங்களைப் புரட்டியபோது அவர்கள் திரும்பத் திரும்பத் தடுமாறிய இடங்களை அந்தந்தப் படியிலேயே குறித்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் 2025–26 பட்ஜெட்டை எடுத்துக்கொள்கிறேன். வேறு ஆண்டுக்கு எண்களை மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது.

1. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

நிதித்துறையின் இணையதளத்திலிருந்து ஐந்து ஆவணங்களை இறக்கிக்கொள்ள வேண்டும்: பட்ஜெட் உரை, அதன் பின்னிணைப்பில் வரும் நடுத்தர கால நிதித் திட்டம், ஆண்டு நிதிநிலை அறிக்கை, பட்ஜெட் குறிப்பேடு, துறைவாரியான மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்கும் புத்தகங்கள்). இவற்றோடு, துறை அமைச்சர்கள் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகளும், இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் வெளியிடும் மாநில நிதிக் கணக்குகளும் பின்னால் தேவைப்படும்.

உரையை முதலில் படிக்க வேண்டாம். அரசு எதைச் சொல்ல விரும்புகிறது என்பது உரையில் இருக்கிறது. அரசமைப்பின் 202ஆம் பிரிவின்படி எதைச் சொல்லியாக வேண்டுமோ அது ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இருக்கிறது. இரண்டாவதை முதலில் படித்தவருக்கு உரையில் விடுபட்டது எது என்பது தானாகவே தெரியும்.

தேர்தல் ஆண்டாக இருந்தால் எந்த பட்ஜெட் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2021இல் பிப்ரவரி 23 அன்று இடைக்கால பட்ஜெட்டும், ஆட்சி மாறிய பின் ஆகஸ்ட் 13 அன்று திருத்திய பட்ஜெட்டும் வந்தன. ஒரே ஆண்டுக்கு இரண்டு மதிப்பீடுகள் இருக்கும்போது ஒன்றின் வரவையும் மற்றொன்றின் செலவையும் கலந்து எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. பத்தியின் தலைப்பையும் அலகையும் சரிபார்த்தல்

ஒவ்வொரு அட்டவணையிலும் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். 2025–26 ஆவணத்தில் அவை 2023–24இன் கணக்கு, 2024–25இன் பட்ஜெட் மதிப்பீடு, 2024–25இன் திருத்திய மதிப்பீடு, 2025–26இன் பட்ஜெட் மதிப்பீடு. இவற்றில் முதல் பத்தி மட்டுமே நடந்து முடிந்தது. மற்ற மூன்றும் எதிர்பார்ப்புகள்.

புதியவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை, சென்ற ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டோடு இந்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டை ஒப்பிட்டு "இத்தனை சதவீதம் உயர்வு" என்று எழுதுவது. இரண்டு எதிர்பார்ப்புகளின் இடைவெளி எதையும் நிறுவாது. திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள்; இயன்றால் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு 2024–25 நல்ல சான்று. அந்த ஆண்டின் வருவாய் வரவு (வரி, கட்டணம், மத்திய அரசின் பங்கு என, கடன் அல்லாத வழக்கமான வரவு) 2,99,010 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டு, பிறகு 2,93,906 கோடியாகத் திருத்தப்பட்டது. வரவு ஐயாயிரம் கோடிக்கு மேல் குறைந்தது. ஆனால் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வரவு போதாமல் விழும் தொகை, 49,279 கோடியிலிருந்து 46,467 கோடியாக இறங்கியது. வரவு குறைந்தும் பற்றாக்குறை குறைந்தது என்றால் செலவு ஏறத்தாழ 7,900 கோடி வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். "பற்றாக்குறை குறைந்தது" என்ற செய்தியோடு நின்றவருக்கு இது தெரியாது. எந்தத் துறையில் வெட்டு விழுந்தது என்பதே அடுத்து கேட்க வேண்டிய கேள்வி.

அலகில் கவனம் வேண்டும். மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் தொகைகள் ஆயிரம் ரூபாயில் அச்சிடப்படுகின்றன; உரையில் கோடியில் வருகின்றன. எக்செல் தாளில் ஏற்றும்போதே எல்லாவற்றையும் கோடிக்கு மாற்றிவிடுவது நல்லது. ஒரு வரியில் வெறும் "1" என்று இருந்தால் அது ஆயிரம் ரூபாய். கணக்குத் தலைப்பைத் திறந்து வைப்பதற்காகப் போடப்படும் அடையாள ஒதுக்கீடு. அதை நிதி கிடைத்ததாகக் கொண்டாடிவிடக் கூடாது.

3. வரவைப் பிரித்தல்

2025–26க்கு மதிப்பிடப்பட்ட வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். இது நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது: மாநிலத்தின் சொந்த வரி 2,20,895 கோடி, வரியல்லாத வருவாய் 28,819 கோடி, மத்திய வரிகளில் பங்கு 58,022 கோடி, மத்திய அரசின் மானியம் 23,834 கோடி. சொந்த வரி மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே சொந்த வரியின் மதிப்பீடு தவறினால் பட்ஜெட் முழுவதும் சாயும்.

அந்த மதிப்பீடு நம்பத்தக்கதா என்று பார்க்க, திருத்திய மதிப்பீட்டிலிருந்து வளர்ச்சியைக் கணக்கிடுங்கள். 2024–25இன் திருத்திய மதிப்பீடு 1,92,752 கோடி. அதிலிருந்து 2,20,895 கோடிக்குப் போவது 14.6 சதவீத வளர்ச்சி. முந்தைய சில ஆண்டுகளின் கணக்குகளில் சொந்த வரி எவ்வளவு வளர்ந்தது என்பதை இதன் அருகில் எழுதிவைத்தால், எதிர்பார்ப்பு மிகையா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

சொந்த வரிக்குள் சரக்கு மற்றும் சேவை வரியின் மாநிலப் பங்கு, பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதான விற்பனை வரி, மாநில ஆயத்தீர்வை, முத்திரைத்தீர்வை மற்றும் பதிவுக் கட்டணம், வாகன வரி ஆகியவை அடங்கும். மதுவிலிருந்து வரும் வருவாய் ஆயத்தீர்வை, விற்பனை வரி என இரண்டு தலைப்புகளில் பிரிந்து கிடப்பதால், ஆயத்தீர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு "டாஸ்மாக் வருமானம்" என்று எழுதினால் பாதிக்கு மேல் விட்டுப்போகும்.

மத்திய வரிப் பங்கை வெளியிலிருந்தே சரிபார்க்கலாம். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழுவின்படி தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். மத்திய பட்ஜெட்டில் 2025–26க்கு எல்லா மாநிலங்களுக்குமாகச் சொல்லப்பட்ட பகிர்வு 14,22,444 கோடி. பெருக்கிப் பார்த்தால் 58,022 கோடி வருகிறது. இப்படி இரண்டு அரசுகளின் ஆவணங்கள் பொருந்தும் இடத்தில் ஐயம் தேவையில்லை. மானியத்தில் அந்த உறுதி கிடையாது: 2024–25இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாய் மத்திய அரசால் விடுவிக்கப்படாமல் நின்றது.

4. செலவில் கைவைக்க முடியாத பகுதி

வருவாய்ச் செலவு, அதாவது சம்பளம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவு, 3,73,204 கோடி. அதில் சம்பளம் 90,464 கோடி, ஓய்வூதியமும் ஓய்வுக்காலப் பயன்களும் 41,290 கோடி, வட்டி 70,754 கோடி. மூன்றையும் கூட்டி வருவாய் வரவால் வகுத்தால் 61 சதவீதம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தத் தொகையை ஓராண்டில் குறைத்துவிட முடியாது. அடுத்து உதவித்தொகைகளும் மானியங்களும் 1,53,724 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கான 13,807 கோடி இதற்குள்தான் வருகிறது.

இங்கே நம் மாவட்டத்தினர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த மாவட்டம் இது. அப்பள்ளிகளின் ஆசிரியர் ஊதியம் மானியமாகவே வழங்கப்படுவதால், அது சம்பளத் தலைப்பில் தெரியாது. அதேபோல் நாகர்கோவில் மாநகராட்சிக்குச் சாலை போடக் கொடுக்கப்படும் மானியமும், அதனால் ஒரு சொத்து உருவானாலும், மாநிலக் கணக்கில் வருவாய்ச் செலவாகவே பதிவாகிறது. ஆகவே வருவாய்ச் செலவு எல்லாம் கரைந்து போவது, மூலதனச் செலவு எல்லாம் நிலைப்பது என்று பிரித்து எழுதுவது சரியல்ல.

5. மூன்று பற்றாக்குறைகளையும் வரிசையாகக் கணக்கிடுதல்

இந்தப் படியை அவசரமின்றிச் செய்ய வேண்டும். அச்சிட்ட எண்ணை எடுத்து எழுதாமல் நீங்களே கழித்துப் பாருங்கள். அப்போதுதான் எந்தத் தொகை எதில் சேரும் என்பது மனத்தில் நிற்கும்.

முதலாவது வருவாய்ப் பற்றாக்குறை. 3,73,204இலிருந்து 3,31,569ஐக் கழித்தால் 41,635 கோடி. அன்றாடச் செலவுக்கே வரவு போதவில்லை என்பதை இது காட்டுகிறது. தமிழ்நாடு 2012–13இல் வருவாய் உபரி காட்டிய மாநிலம். 2013–14 முதல் தொடர்ந்து பற்றாக்குறையில் இருக்கிறது.

இரண்டாவது நிதிப் பற்றாக்குறை. மொத்தச் செலவிலிருந்து, கடன் அல்லாத எல்லா வரவுகளையும் (வருவாய் வரவோடு, அரசு கொடுத்த கடன்களில் திரும்ப வருவதையும் சேர்த்து) கழித்தால் இது கிடைக்கும். கடனைத் திருப்பிச் செலுத்தும் தொகையை மொத்தச் செலவில் சேர்க்கக் கூடாது. மிகப் பலர் தவறுவது இங்கேதான். அதைச் சேர்க்காத மொத்தச் செலவு 4,39,293 கோடி; நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி; மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம். இந்த 3 சதவீதமே பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. மின்துறைச் சீர்திருத்தத்துக்காகக் கூடுதலாக அரை சதவீதம் வரை சில ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது முதன்மைப் பற்றாக்குறை. நிதிப் பற்றாக்குறையிலிருந்து வட்டியைக் கழிக்க வேண்டும்: 36,209 கோடி. பழைய கடனின் சுமையை நீக்கிவிட்டால் இந்த ஆண்டின் முடிவுகளால் மட்டும் எவ்வளவு கடன் சேருகிறது என்பது இதில் தெரியும்.

இனி இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான் பகுப்பாய்வு. 41,635ஐ 1,06,963ஆல் வகுத்தால் 39 சதவீதம். வாங்கும் கடனில் நூற்றுக்கு 39 ரூபாய் அன்றாடச் செலவுக்குப் போகிறது, மீதி 61 ரூபாய்தான் மூலதனச் செலவுக்கும் கடன் வழங்கலுக்கும் போகிறது என்று பொருள். வள்ளம் வாங்கக் கடன்படுவதற்கும், தினம் கடலுக்குப் போக மண்ணெண்ணெய் போடவே கடன்படுவதற்கும் உள்ள வேறுபாடு கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் பார்வையில், நிதிப் பற்றாக்குறையின் அளவைவிட இந்த விகிதமே மாநிலத்தின் நிலையைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு மாநிலங்களும் 3 சதவீதத்தில் நிற்கலாம், ஆனால் ஒன்று முழுவதையும் பாலத்துக்கும் அணைக்கும் செலவிட, மற்றொன்று ஓய்வூதியத்துக்குச் செலவிட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஓர் ஆண்டில் பற்றாக்குறை தூக்கலாக இருந்தால் அதற்குத் தனிக் காரணம் உண்டா என்று தேடுங்கள். 2016–17இல், மின் பகிர்மான நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தின் கீழ் மின் பகிர்மானக் கழகத்தின் 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டை விளக்கமின்றி வரைபடத்தில் போட்டால் படிப்பவர் தவறான முடிவுக்கு வருவார்.

6. கடனை அளத்தல்

2026 மார்ச் 31 அன்று நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்பது மதிப்பீடு. இது மாநில உற்பத்தியில் 26.07 சதவீதம். ஓராண்டில் வாங்கத் திட்டமிட்ட கடன் 1,62,097 கோடி, திருப்பிச் செலுத்துவது 55,845 கோடி. கடன் கூடுவது இவற்றின் வித்தியாசத்தால் மட்டுமே. மொத்தக் கடன் வாங்கலையே "இந்த ஆண்டின் புதிய கடன்" என்று எழுதினால் ஐம்பதாயிரம் கோடிக்கு மேல் பிழை வரும்.

கடன் தாங்கக்கூடியதா என்பதற்கு இரண்டு அளவுகள் போதும். ஒன்று, வட்டியை வருவாய் வரவால் வகுப்பது: 70,754ஐ 3,31,569ஆல் வகுத்தால் 21 சதவீதம். வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 21 ரூபாய் எந்தச் சேவையும் தராமல் வட்டியாகப் போவது, என்னைப் பொறுத்தவரை, இந்த ஆவணத்தின் மிகக் கவலைக்குரிய எண். மற்றொன்று, ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கடனால் வட்டியை வகுத்து, கிடைக்கும் சராசரி வட்டி வீதத்தை மாநிலப் பொருளாதாரத்தின் விலைவாசி சேர்ந்த வளர்ச்சி வீதத்தோடு ஒப்பிடுவது. தொடக்கக் கடன் ஏறத்தாழ 8.24 லட்சம் கோடி என்று கொண்டால் சராசரி வட்டி 8.6 சதவீத அளவில் வருகிறது. பொருளாதாரம் இதைவிட வேகமாக வளரும்வரை, முதன்மைப் பற்றாக்குறை மிகாமல் இருந்தால், கடன் விகிதம் கட்டுக்குள் நிற்கும்.

மொத்தக் கடனை மக்கள்தொகையால் வகுத்து "ஒவ்வொருவர் தலையிலும் இவ்வளவு" என்று எழுதுவதைத் தவிர்க்கவும். திருப்பிச் செலுத்தும் ஆற்றலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

7. பட்ஜெட்டுக்கு வெளியே நிற்கும் சுமை

மின் பகிர்மானக் கழகமும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் தனி நிறுவனங்கள்; அவற்றின் இழப்பு மாநிலப் பற்றாக்குறையில் நேரடியாகச் சேராது. அரசு தரும் மானியம், இழப்பீடு, பங்கு மூலதனம், கடன், உத்தரவாதம் ஆகிய வழிகளில்தான் அது பட்ஜெட்டுக்குள் வரும். மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கு அரசு ஈடுசெய்யும் தொகையைப் போக்குவரத்துத் துறையின் மானியக் கோரிக்கையில் காணலாம். நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகமும் இப்படிப்பட்ட நிறுவனமே; அதன் தோட்டத் தொழிலாளர் ஊதியத்தை மானியக் கோரிக்கையில் தேடிப் பயனில்லை, கழகத்தின் ஆண்டறிக்கையைப் பார்க்க வேண்டும்.

அரசு கொடுத்துள்ள உத்தரவாதங்களின் பட்டியல் தணிக்கைத் துறையின் நிதிக் கணக்குகளில் இருக்கிறது. அந்த நிறுவனங்கள் வாங்கி அரசே திருப்பிச் செலுத்தும் கடன்களை, மாநிலத்தின் கடன் வரம்புக்குள்ளேயே சேர்த்து எண்ணும் வழக்கத்தை மத்திய அரசு 2022–23 முதல் கொண்டுவந்திருக்கிறது.

8. கணக்குத் தலைப்பின் எண்ணைப் படிக்கப் பழகுதல்

மாவட்டத்துக்குள் போகுமுன் இந்தத் திறவுகோல் வேண்டும். ஒவ்வொரு முதன்மைத் தலைப்புக்கும் நான்கு இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் 0 அல்லது 1 என்றால் வருவாய் வரவு. 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு. 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு. 6 அல்லது 7 என்றால் கடனும் முன்பணமும். 8 என்றால் பொதுக் கணக்கு. மீன்வளத்துக்கு 2405 அன்றாடச் செலவு, 4405 மூலதனம், 6405 கடன். மருத்துவத்துக்கு 2210, 4210. வெள்ளத் தடுப்புக்கு 2711, 4711; கடலரிப்புத் தடுப்பும் இதற்குள் அடங்கும்.

ஒரு துறையின் செலவைச் சொல்லும்போது இந்த மூன்று வகையையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிதான் தெரியும்.

9. குமரி மாவட்டத்துக்கு வருதல்

மாநில பட்ஜெட்டில் மாவட்டவாரி ஒதுக்கீடு என்று ஒன்று கிடையாது. துறைக்கு ஒதுக்கப்பட்டு, துறைத் தலைமை அலுவலகம் பிரித்துக் கொடுத்து, நாகர்கோவிலிலுள்ள மாவட்டக் கருவூலம் வழியாகச் செலவாகிறது. சில நிறுவனங்களுக்கும் பணிகளுக்கும் பெயரோடு தனி வரி இருக்கும். பெரும்பாலானவை மாநிலம் முழுமைக்குமான ஒரே வரியில் அடங்கிவிடும். ஆகவே மாவட்டத்தின் பெயரைத் தேடிக் கிடைத்ததைக் கூட்டி "குமரிக்கு இவ்வளவுதான்" என்று முடிவு கட்டுவது பெரும் பிழை.

மாறாக ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பின்தொடருங்கள். எந்தத் துறை என்று ஊகிக்க வேண்டாம். செயல்படுத்தும் துறை எது என்று அரசாணையில் பாருங்கள். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் சுற்றுலாவுக்கானது, ஆனால் கட்டியது நெடுஞ்சாலைத் துறை. தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) கேட்கும் ஊர்கள் நீர்வளத் துறை, மீன்வளத் துறை இரண்டின் கோரிக்கைகளையும் பார்க்க வேண்டும். நான்குவழிச் சாலையும் திருவனந்தபுரம் இரட்டை ரயில் பாதையும் மத்திய அரசின் பணிகள். மாநில பட்ஜெட்டில் அவற்றைத் தேடி ஏமாற வேண்டாம்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தொடங்குபவர்களுக்கு ஏற்ற பயிற்சி. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்ற வீதத்தை, கொள்கை விளக்கக் குறிப்பிலுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையோடு பெருக்கி, 2405ஆம் தலைப்பின் ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் பணம் போதுமா என்பது தெரியும். நம் மாவட்டத்தில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை இருப்பதால், செலவு பதிவாகும் மாதங்களும் வேறுபடும். ஜூன் மாதக் கணக்கை மட்டும் பார்த்து மேற்குக் கரைக்குப் பணம் வரவில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

வேளாண் பட்ஜெட்டிலும் கவனம் தேவை. 2025–26இல் அதன் மொத்தம் 45,661 கோடி என்று அறிவிக்கப்பட்டது. இது பொது பட்ஜெட்டுக்கு மேல் கிடைக்கும் தனிப் பணமல்ல. கால்நடை, மீன்வளம், கூட்டுறவு போன்ற பல துறைகளின் ஒதுக்கீடுகளைத் தொகுத்துக் காட்டும் எண். இரண்டையும் கூட்டினால் ஒரே ரூபாயை இருமுறை எண்ணியதாகும். பேரவை விதி 110இன் கீழ் வரும் அறிவிப்புகளும் பட்ஜெட்டுக்குப் பிறகு வருபவை. அவற்றுக்கான நிதி, ஆண்டின் நடுவே கூடுதல் செலவுக்காகப் பேரவையில் வைக்கப்படும் துணை மதிப்பீடுகளில் வந்ததா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

10. ஒதுக்கீடு செலவானதா என்று உறுதி செய்தல்

தணிக்கைத் துறையின் மாதாந்திரக் கணக்குச் சுருக்கத்தில் மாநில அளவிலான வரவு, செலவு, பற்றாக்குறை கிடைக்கும். அவை தணிக்கை முடியாதவை. மார்ச் மாதத்தில் செலவு குவிவதால் பிப்ரவரி எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கவும் கூடாது. துறைவாரியாக எவ்வளவு செலவழிக்கப்படாமல் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்பது பிறகு வரும் நிதி ஒதுக்கக் கணக்குகளில் இருக்கும்.

குறிப்பிட்ட ஒரு பணிக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். "எங்கள் ஊருக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. அரசாணை எண், தேதி, கணக்குத் தலைப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நிர்வாக ஒப்புதல் தொகை, இதுவரை விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை, மீதி, பணி முடிய வேண்டிய நாள் ஆகியவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். வந்த பதிலை மானியக் கோரிக்கையின் அதே வரிக்கு எதிரே உங்கள் எக்செல் தாளில் பதிந்துவைத்து, அடுத்த பட்ஜெட் வந்ததும் அந்த வரியின் திருத்திய மதிப்பீட்டையும், அதற்கடுத்த ஆண்டு கணக்குப் பத்தியையும் அருகில் சேர்த்துவிடுங்கள்.